திருமணமான பதினான்கு மாதத்தில் ஏறிய ஒன்பது கிலோ

கேள்வி கேட்டவர் சென்னையில் மென்பொருள் நிறுவனம் ஒன்றில் வேலை பார்க்கும் 28 வயது இளைஞர். மூன்று ஆண்டுகள் காதலித்து, இரு வீட்டாரின் சம்மதத்துடன் திருமணம் செய்துகொண்டு பதினான்கு மாதங்கள் ஆகின்றன. அவர் உயரம் 172 செ.மீ.; திருமணத்தின்போது 66 கிலோவாக இருந்த எடை இப்போது 75. மனைவிக்கு 27 வயது, உயரம் 157 செ.மீ.; 52 கிலோவிலிருந்து 59 ஆகியிருக்கிறார். "மனசு நிறைஞ்சா உடம்பு பூசத்தான் செய்யும்" என்கிறார் மாமியார். அது உண்மையா என்பது இளைஞரின் முதல் கேள்வி. "நல்லா குண்டாயிட்டே" என்று ஒருநாள் விளையாட்டாகச் சொல்லப்போய், மனைவி இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இனி இதை எப்படிப் பேசுவது, இருவரும் என்ன செய்வது என்பது இரண்டாவது.

உங்கள் மாமியார் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. தலைவனைப் பிரிந்த தலைவியின் கைவளை நெகிழ்ந்து கழல்வதைப் பழந்தமிழ் அகப்பாடல்கள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. உறவு உடம்பில் தெரியும் என்பது நம்மவர்களுக்கு என்றைக்குமே புதிய செய்தியாக இருந்ததில்லை. அது எந்த வழியாக உடம்புக்கு வந்து சேர்கிறது என்பதைத்தான் கடந்த இருபது ஆண்டு ஆய்வுகள் ஓரளவு பிரித்துக் காட்டியிருக்கின்றன. பதினாறு ஆண்டுகளாக உணவியல் ஆலோசகராக இருக்கிறேன். என்னிடம் வரும் இளம் தம்பதியரிடம் நான் பார்ப்பதும் அந்த ஆய்வுகள் சொல்வதும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன: காதலோ தாலியோ தம்மளவில் எடையைக் கூட்டுவதில்லை, இருவர் ஒரே வீட்டில், ஒரே நேரத்தில், ஒரே பாத்திரத்திலிருந்து சாப்பிடத் தொடங்கும்போதுதான் எடை கூடத் தொடங்குகிறது.

இதற்கு நல்ல சான்று, காதலிக்கும் காலமும் சேர்ந்து வாழும் காலமும் எதிரெதிரான முடிவுகளைத் தருவதுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1,621 கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வில், உறுதியான காதல் உறவில் இருந்தவர்களுக்கு மனநலப் பிரச்சினைகள் குறைவாக இருந்தன. அவர்களிடையே அதிக எடை உள்ளவர்களும் குறைவாகவே இருந்தார்கள். அதற்கு ஓராண்டு முன்பு, 2009-இல், வட கரோலினா பல்கலைக்கழகத்தின் நடாலி தே, பென்னி கார்டன்-லார்சன் ஆகிய இருவரும், பதின்வயதிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனிக்கப்பட்ட ஏறத்தாழ ஏழாயிரம் இளைஞர்களின் தரவை ஆராய்ந்திருந்தார்கள். காதலித்துக்கொண்டு தனித்தனியே வாழ்ந்தவர்களைவிடத் திருமணம் செய்துகொண்டவர்கள், ஆணாயினும் பெண்ணாயினும், உடல் பருமன் அடையும் வாய்ப்பு இரு மடங்குக்கும் மேல் என்று அதில் தெரிந்தது. இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ ஒரே வீட்டில் வாழ்ந்த இணையர்கள் எடையிலும் பழக்கத்திலும் ஒருவரைப்போல் ஒருவர் ஆகியிருந்தார்கள். முதல் ஆய்வில் வந்தவர்களும் ஒருவரையொருவர் நேசித்தவர்கள்தான், இரண்டாவது ஆய்வில் வந்தவர்களும் அப்படித்தான். இரண்டுக்கும் நடுவில் வந்து சேர்ந்த புதிய பொருள் ஒரு சமையலறை.

உங்கள் காதல் காலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது சந்திப்பதென்றால் பெரும்பாலும் வெளியில்தான் சந்தித்திருப்பீர்கள்: கடற்கரையில் நடந்திருப்பீர்கள், பேருந்து நிறுத்தத்திலிருந்து அடுத்த நிறுத்தம் வரை பேசிக்கொண்டே போயிருப்பீர்கள். மூன்று வேளையும் அவரவர் வீட்டில் அம்மா போட்ட அளவு. அடுத்த வாரம் பார்க்கப் போகிறோம் என்பதால் சட்டை பொருந்துகிறதா என்ற கவனமும் இருந்திருக்கும். ஆனால் அந்தக் காலம் எல்லா வகையிலும் ஆரோக்கியமானது என்று நான் சொல்லமாட்டேன். நள்ளிரவு தாண்டியும் நீளும் தொலைபேசிப் பேச்சு தூக்கத்தைத் தின்றுவிடும். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 2004-இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வில், ஆரோக்கியமான 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே தூங்க விட்டபோது, போதும் என்று சொல்லும் லெப்டின் ஹார்மோன் 18 விழுக்காடு குறைந்தது. பசியைத் தூண்டும் கிரெலின் 28 விழுக்காடு கூடியது. இரவு முழுக்கப் பேசியவர் மறுநாள் காலை கேண்டீனில் வழக்கத்துக்கு மேல் கேட்டு வாங்கினால், அது வெறும் நாக்கின் ஆசை ஆகாது. திருமணத்துக்குப் பிறகு அந்தப் பேச்சின் இடத்தில் இருவரும் சேர்ந்து பார்க்கும் இணையத் தொடர் வந்து உட்கார்ந்துகொள்கிறது. தூக்கம் அதே அளவுதான் குறைகிறது, கூடவே ஒரு தட்டு மிக்சரும் வருகிறது.

மாமியாரின் "மனசு நிறைஞ்சா" என்ற சொல்லுக்கு வருகிறேன். டெக்சாஸில் உள்ள சதர்ன் மெதடிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஆண்ட்ரியா மெல்ட்சர் குழுவினர், புதிதாகத் திருமணமான 169 தம்பதியரை நான்கு ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். மணவாழ்வில் நிறைவாக இருந்தவர்களுக்கே எடை கூடுதலாக ஏறியிருந்தது. நிறைவில்லாமல், பிரிந்துவிடலாமா என்று எண்ணியவர்களுக்கு அந்த அளவுக்கு ஏறவில்லை. பிரிந்தால் வேறொருவரைத் தேட வேண்டியிருக்கும் என்பவர் தோற்றத்தைக் கவனித்துக்கொள்கிறார், அந்தக் கவலை இல்லாதவர் கவனத்தைத் தளர்த்திவிடுகிறார் என்பது அவர்கள் தந்த விளக்கம். எனவே உங்கள் வீட்டில் எடை ஏறியது உறவு கெட்டதற்கான அடையாளம் அல்ல. அதை எண்ணி நீங்கள் கலங்கத் தேவையில்லை. ஆனால் மாமியார் சொல்லாத மறுபாதியும் உண்டு. மனநிறைவுக்குக் கலோரி கிடையாது. அது நம் கவனத்தைத் தளர்த்துகிறது, அவ்வளவே. தளர்ந்த கவனத்தின் வழியாக உள்ளே வருவது சோறும் எண்ணெயும் சர்க்கரையும்தான். உடம்பைக் கவனிப்பது பிறர் கண்ணுக்காக என்று மட்டும் இருந்தால் அந்தக் கவனம் திருமணத்தோடு முடிந்துபோகிறது. அதை வேறொரு காரணத்தின் மேல் ஊன்றிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இப்போது உங்கள் தட்டுக்கு வருவோம், ஏனென்றால் விஷயத்தின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. பதினான்கு மாதத்தில் ஒன்பது கிலோ என்பது பெரிய தொகையாகத் தெரிகிறது. ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறத்தாழ 7,700 கலோரி என்ற தோராயக் கணக்கில் வகுத்துப் பார்த்தால், நாளொன்றுக்கு மிஞ்சியது சுமார் 160 கலோரி மட்டுமே. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரியைத் தாண்டும். எந்த ஒரு நாளிலும் நீங்கள் அளவு மீறிச் சாப்பிட்டதாக உணர்ந்திருக்கமாட்டீர்கள். அதனால்தான் யாரும் கவனிக்கவில்லை.

அடுத்தது, பங்கு போடும் முறை. உங்கள் உயரம், எடை, வயதை வைத்துக் கணக்கிட்டால், சும்மா படுத்திருந்தாலும் உங்கள் உடம்புக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,690 கலோரி தேவை. உங்கள் மனைவிக்குச் சுமார் 1,275. நானூறு கலோரிக்கும் மேல் வேறுபாடு, அதுவும் எழுந்து நடமாடுவதற்கு முன்பே. ஆனால் ஆப்பில் வாங்கும் பிரியாணி இருவருக்கும் ஒரே அளவுப் பொட்டலத்தில் வருகிறது. வீட்டிலும் ஐந்து தோசை என்றால் ஆளுக்கு இரண்டரை என்று சமமாகப் பிரிப்பதையே அன்பு என்று நினைக்கிறோம். பெண்களுக்கு இந்தச் சமபங்கு பல வீடுகளில் அமைதியாக எடையைக் கூட்டுகிறது. தாய் வீட்டில் இரவில் இரண்டு இட்லியோடு எழுந்தவர், கணவருக்குத் துணையாக உட்கார்ந்து அவர் முடிக்கும்வரை சாப்பிடுகிறார்.

சோழிங்கநல்லூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு தம்பதியர் தங்கள் இரவு உணவை என்னிடம் விவரித்தது இன்னும் நினைவில் இருக்கிறது. இருவரும் வேலை முடித்து வீடு சேர்வதற்கு ஒன்பதரை ஆகும். பசியோடு வந்து, குக்கர் இறங்கும்வரை ஆளுக்கு ஒரு பிடி முறுக்கு. பத்து மணிக்குச் சாப்பாடு. முடிக்கும்போது பானையில் ஒன்றரைக் கரண்டி சோறும் கொஞ்சம் வத்தக்குழம்பும் மிஞ்சியிருக்கும். "இத எதுக்குங்க ஃபிரிட்ஜுல வெக்கணும், போட்டுக்கங்க" என்பார் மனைவி. "நீ பாதி, நான் பாதி" என்பார் கணவர். இருவருமே வயிறு நிறைந்தவர்கள். இருவரும் வீணாகக்கூடாது என்று வளர்க்கப்பட்டவர்கள். அந்த ஒன்றரைக் கரண்டியைச் சாப்பிட்டது பசி இல்லை, பாசமும் சிக்கனமும் சேர்ந்துதான். அவர்களுக்கு நான் சொன்ன முதல் மாற்றம், அரிசியை அரை டம்ளர் குறைத்துப் போடுங்கள் என்பது; வேறு எதையும் அந்த மாதம் மாற்றச் சொல்லவில்லை.

நம் ஊரில் திருமணத்தின் முதல் ஆண்டுக்கென்று தனிச் சிக்கல் ஒன்றும் உண்டு. மறுவீடு தொடங்கி, அத்தை வீடு, சித்தப்பா வீடு, அலுவலக நண்பர் வீடு என்று விருந்து நீள்கிறது. தலை தீபாவளிக்கும் தலைப் பொங்கலுக்கும் புது மாப்பிள்ளையின் இலையில் இரண்டாம் முறை பரிமாறாமல் விட்டால் வீட்டுக்காரருக்கே குறை. இந்த விருந்துகளை நான் குறை கூறமாட்டேன். இரண்டு குடும்பங்கள் ஒன்றையொன்று அறிந்துகொள்வது அந்த இலைகளின் முன்தான் நடக்கிறது. ஆனால் விருந்து சில மாதத்தில் ஓய்ந்த பிறகும், அந்த அளவுக்குப் பழகிய வயிறு ஓய்வதில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்த குருமா புதன்கிழமைக்கும் வந்துவிடுகிறது.

எல்லாப் பழியையும் திருமணத்தின் மேல் போடுவதும் நியாயம் ஆகாது. இருபதுகளின் பிற்பகுதியில் தனியாக இருப்பவர்களுக்கும் எடை கூடத்தான் செய்கிறது. உட்கார்ந்து பார்க்கும் வேலை, சொந்த வண்டி, விடுதி வாழ்க்கையின் முடிவு எல்லாம் அதே ஆண்டுகளில் வந்து சேர்கின்றன. ஒத்த பழக்கம் உள்ளவர்களே ஒருவரையொருவர் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பதும் உண்டு. மேலும் தமிழ்நாடு முழுவதுமே பருத்து வருகிறது: தேசியக் குடும்பநல ஆய்வின்படி, அதிக எடையோ பருமனோ உள்ள பெண்கள் 2015-16-இல் 30.9 விழுக்காடாக இருந்து 2019-21-இல் 40.4 விழுக்காடு ஆனார்கள், ஆண்கள் 28.2-இலிருந்து 37 விழுக்காட்டுக்குப் போனார்கள். நான்கைந்து ஆண்டுகளில் இவ்வளவு ஏற்றம் என்பது மாநிலத்தின் சாப்பாட்டுத் தட்டே மாறியதைக் காட்டுகிறது. உங்கள் இருவரின் தட்டும் அதற்குள்தான் இருக்கிறது.

உங்கள் எண்களையும் சொல்லிவிடுகிறேன். உயரத்துக்கு எடை பொருந்துகிறதா என்று காட்டும் உங்கள் பிஎம்ஐ 22-இலிருந்து 25-ஐத் தாண்டியிருக்கிறது. மனைவியுடையது 21-இலிருந்து ஏறத்தாழ 24. குறைந்த எடையிலேயே சர்க்கரை நோயும் இதய நோயும் நமக்கு வந்துவிடுவதால், இந்தியர்களுக்கு 23-க்கு மேல் அதிக எடை என்றும் 25-க்கு மேல் பருமன் என்றும் மருத்துவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆகவே இருவரில் முதலில் கவலைப்பட வேண்டியவர் நீங்கள். இந்தச் செய்தியை, "குண்டாயிட்டே" என்று சொன்ன வாயிலேயே ஒருமுறை நீங்கள் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்லது. இடுப்புச் சுற்றளவையும் டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. என்பது எல்லை.

பழக்கம் ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றுவது கெட்ட வழியில் மட்டும் நடப்பதில்லை. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் நகரில் 12,067 பேரின் 32 ஆண்டுத் தரவை ஆராய்ந்த கிறிஸ்டாகிஸும் ஃபௌலரும், கணவன் மனைவியரில் ஒருவர் பருமனானால் மற்றவரும் ஆகும் வாய்ப்பு 37 விழுக்காடு கூடுவதை 2007-இல் காட்டினார்கள். அதே கயிறு மறுபக்கமும் இழுக்கிறது. மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில், சராசரியாக 25 வயதுள்ள 1,212 பேரிடம் நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது: துணைவர் ஆரோக்கியத்தில் அக்கறை உள்ளவராக இருந்த பெண்களிடையே அதிக எடை உள்ளவர்கள் குறைவாக இருந்தார்கள், காய்கறி பழம் உண்பதும் உடற்பயிற்சியும் கூடுதலாக இருந்தன, ஆண்களிடம் உடற்பயிற்சி கூடுதலாக இருந்தது. இங்கிலாந்தில் 50 வயதுக்கு மேற்பட்ட 3,722 இணையர்களை வைத்து 2015-இல் வந்த ஆய்வு இன்னும் தெளிவானது. உடற்பயிற்சி இல்லாத ஆண்களில், மனைவியும் புதிதாகத் தொடங்கியபோது தாமும் தொடங்கியவர்கள் 67 விழுக்காடு. மனைவி அசையாமல் இருந்தபோது 26 விழுக்காடு மட்டுமே. எப்போதும் ஆரோக்கியமாகவே இருந்துவந்த துணையைவிட, தன்னோடு சேர்ந்து மாறும் துணையே பெரும்பாலும் அதிகம் உதவினார் என்பதும் அதில் தெரிந்தது. நீங்கள் இளையவர்கள் என்றாலும் இந்த முடிவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் வாத்தியாராகவும் மற்றவர் மாணவராகவும் இருக்கும் வீட்டில் இது நடப்பதில்லை; இருவரும் ஒரே நாளில் முதல் வகுப்பில் சேர வேண்டும்.

"குண்டாயிட்டே" போன்ற சொல் சாப்பாட்டு ஒழுங்கைக் குலைக்கக்கூடும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அதே மினசோட்டா ஆய்வுக் குழுவினர் 2013-இல் வெளியிட்டதில், டயட் இருக்கும்படி துணைவர் அதிகமாகத் தூண்டிய பெண்களிடம், கட்டுப்பாடில்லாமல் ஒரே மூச்சில் உண்ணும் பழக்கம் ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது. நல்லெண்ணத்தோடு தூண்டினாலும் இப்படி ஆகக்கூடும். பெண்ணின் உடம்பைப் பற்றி நம் ஊரில் பேசாதவர் இல்லை; ஒல்லியாக இருந்தால் "வீட்டுல சோறு போடலியா", கொஞ்சம் பூசினால் "ஏதும் விசேஷமா". திருமணமான பெண் இதை மாதம் நான்கு பேரிடம் கேட்கிறார். கணவர் ஒருவர்தான் அந்தக் கண்ணால் பார்க்காதவர் என்று நம்பியிருந்த இடத்தில் அதே சொல் விழுந்தால், அது விளையாட்டாகச் சேர்வதில்லை. இரண்டு நாள் அரைகுறைச் சாப்பாட்டுக்குப் பின் மூன்றாம் நாள் அவர் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டிருந்தால் வியப்படையாதீர்கள். உடம்பு அப்படித்தான் ஈடுகட்டும். கணவன் மனைவி பிணக்கு பசி ஹார்மோனையே கூட்டுவதாக ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகம் 43 தம்பதியரை வைத்து 2015-இல் கண்டறிந்திருக்கிறது.

செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. இரவு உணவை எட்டரைக்குள் கொண்டுவர முடியுமா என்று பாருங்கள். முடியாவிட்டால் மாலை ஆறு மணிக்கு அலுவலகத்திலேயே சுண்டலோ, ஒரு பழமும் மோருமோ எடுத்துக்கொண்டு, வீட்டில் அளவைக் குறையுங்கள். மாத எண்ணெயை இருவருக்கும் சேர்த்து அளந்து வாங்கி, மாதக் கடைசியில் எவ்வளவு தீர்ந்தது என்று எழுதிவையுங்கள். தட்டில் சோற்றுக்குக் கொடுக்கும் இடத்தைப் பொரியலுக்கும் கூட்டுக்கும் பகிர்ந்து கொடுங்கள். சோற்றை ஒரேயடியாக நிறுத்தும் டயட் எதுவும் வேண்டாம், அது மூன்று வாரத்துக்கு மேல் நின்றதை நான் பார்த்ததில்லை. பரிமாறும்போது அவரவர் தட்டில் அவரவர் போட்டுக்கொள்ளுங்கள். ஒருவர் தட்டில் மற்றவர் அன்பாக வைக்கும் கரண்டிக்கு ஓர் ஆண்டு விடுமுறை கொடுங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உடலுழைப்பு. வாரத்தில் ஐந்து நாள் அரை மணி நேரம் சேர்ந்து நடந்தால் கணக்கு சரியாகிவிடும். ஒரு சிறு எச்சரிக்கை: இணையர்கள் சேர்ந்து நடக்கும்போது வேகம் குறைகிறது, கைகோத்தால் இன்னும் குறைகிறது என்று பர்டூ பல்கலைக்கழகத்தில் 72 இணையர்களை நடக்கவிட்டு அளந்திருக்கிறார்கள். ஆகவே முதல் இருபது நிமிடம் வேகமாக, மூச்சு வாங்க நடங்கள். கடைசிப் பத்து நிமிடம் கைகோத்துப் பேசிக்கொண்டே திரும்பலாம்.

ஆறு மாதத்தில் உங்களுக்கு நான்கு கிலோவும் அவருக்கு மூன்று கிலோவும் குறைந்தால் போதும். மொத்த எடையில் ஐந்து விழுக்காடு குறைந்தாலே இரத்தச் சர்க்கரையும் அழுத்தமும் நல்ல பக்கம் திரும்பத் தொடங்கும். மனைவிக்கு மாதவிடாய் ஒழுங்கில்லாமல் இருந்தாலோ, சோர்வும் முடி உதிர்வும் இருந்தாலோ, தைராய்டுக் கோளாறோ, பிசிஓடி எனப்படும் சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறோ உண்டா என்று மருத்துவரிடம் பார்த்துக்கொள்ளுங்கள். கருத்தடை ஊசி போட்டிருந்தால் அதையும் சொல்லச் சொல்லுங்கள், சிலருக்கு அதனாலும் எடை கூடும். அவரை மட்டும் அழைத்துப்போய் நீங்கள் வெளியே காத்திருக்க வேண்டாம். உங்கள் இரத்தச் சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் ஆகியவற்றுக்கும் அதே நாளில் பரிசோதனை கொடுங்கள்.

பேசுவதைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் எடையைப் பற்றி நீங்கள் தொடங்க வேண்டாம். சொன்னது தவறு என்று, "ஆனா" சேர்க்காமல் முதலில் சொல்லிவிடுங்கள். பிறகு ஒருநாள், சாப்பாட்டு நேரம் அல்லாத வேளையில், உங்கள் பிஎம்ஐ 25-ஐத் தாண்டிவிட்டதையும் அது உங்களுக்குப் பயமாக இருப்பதையும் சொல்லி, "எனக்குத் தனியா நடக்க வரமாட்டேங்குது, நீ கூட வர்றியா" என்று கேளுங்கள். வந்தால் இருவரும் நடங்கள். வராத நாளில் நீங்கள் மட்டும் போய்விட்டு, திரும்பி வந்து அதைப் பற்றி எதுவும் சொல்லாமல் இருவருக்கும் சர்க்கரை குறைவாகக் காபி போடுங்கள்.